சத்தத்துக்குள் ஒரு தனியறை

கதவைத் திறந்ததும் எங்களுக்கு முன்னால் ஒரு பஞ்சுத் துணுக்கு உள்ளே போனது. அவசரமில்லாமல் மிதந்து, மேசைமேல் இருந்த மணிபிளான்ட் இலையைத் தொட்டுப் பார்த்து, அங்கே உட்காரப் பிடிக்காமல் எழுந்து, கடைசியில் முத்துக்காளை மேஸ்திரியின் தலைமுடியில் போய் அமர்ந்தது. அவருக்குத் தெரியவில்லை. பாண்டியம்மாளுக்குத் தெரிந்தது. எடுத்துவிடக் கை நீட்டினாள். பிறகு, இது ஆபீஸ் அறை என்று நினைவு வந்தவள்போலக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் கதவைச் சாத்தினேன். சத்தம் நின்றது.

நூற்பாலையில் வேலை பார்க்காதவர்களுக்கு இது சாதாரண வாக்கியம். எங்களுக்கு அப்படியில்லை. நூற்புப் பிரிவில் ஒரே கூரைக்குக் கீழே நூல் சுற்றும் கதிர்கள் ஆயிரக்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும். அதைச் சத்தம் என்று சொல்வதைவிடத் தண்ணீர் என்று சொல்லலாம். எல்லாரும் அதற்குள் முழுகி நின்று வேலை பார்ப்போம். கதவைச் சாத்தியதும் யாரோ நம்மைத் தூக்கிக் கரையில் போட்டதுபோல இருக்கும். காதுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும் ஈரம்போல மீதி நிற்கும்.

தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவில் இருந்த அந்த மில்லில் நான் பணியாளர் அதிகாரி. முத்துக்காளை பகல் ஷிப்டின் மேஸ்திரி. மில் தொடங்கிய காலத்து ஆள். பாண்டியம்மாள் மயிலாடும்பாறையிலிருந்து மில் பேருந்தில் வருபவள். நூற்பு மிஷின் பார்ப்பவர்களில் அவளுடைய கை போன்ற கை கிடையாது. அறுந்த நூலை அவள் ஒட்டுவதைக் கண்ணால் பின்தொடர முடியாது. விரல் போகும், வரும், நூல் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் ஷிப்டுக்கு அப்போது மேஸ்திரி இல்லை. அந்த இடத்துக்குப் பாண்டியம்மாளை எடுக்கலாம் என்று முத்துக்காளைதான் சொன்னார். எங்கள் மில்லில் அதுவரை ஒரு பெண் மேஸ்திரி ஆனதில்லை. பொது மேலாளர் யோசித்தார். "அவங்ககிட்ட ஒரு குறை இருக்கே. அதை எடுத்துச் சொல்லுங்க. மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம். திருந்தலைன்னா கோயம்புத்தூர்ல இருந்து ஆள் வரும்" என்றார்.

குறை இதுதான். பக்கத்து மிஷினில் நூல் அறுந்தால் இவள் ஓடிப்போய் ஒட்டிவிடுவாள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் கையைத் தூக்குவதற்குள் வேலை முடிந்துவிடும். அதனால் அவர்கள் யாரும் வேலை பழகவில்லை. பாண்டியம்மாள் விடுப்பு எடுத்த நாட்களில் அந்த வரிசை முழுதும் நரைத்த தாடிபோலப் பஞ்சு தொங்கும்.

இதைச் சொல்லத்தான் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தோம். முத்துக்காளை தொண்டையைச் செருமினார்.

நாவல்பழ நாக்கு

அவர் செருமிக்கொண்டிருக்கட்டும். இந்தத் தொடரில் எப்போதும் நான் செய்வதுபோல் முதலில் காலத்தைச் சரிசெய்துவிடுகிறேன்.

அந்த நாளுக்கு என்னிடம் தேதி இல்லை. கொரோனாவுக்குப் பிறகு மில் மறுபடி மூன்று ஷிப்டும் ஓடத் தொடங்கியிருந்தது. முகக்கவசம் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. ஆனாலும் பாதிப்பேர் பழக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்டு தெரிந்துவிடுகிறது. மாதத்தில்தான் தகராறு.

ஆடி பிறந்துவிட்டது என்பது முத்துக்காளையின் கட்சி. அன்று டீக் கொட்டகையின் தகரம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டதாம். மேற்கே மலை இடுக்கு வழியாக வரும் அந்தக் காற்று ஆடிக்கு முன் அப்படி அடிக்காதாம். ஆனி முடியவில்லை என்பது என் கட்சி. என் சாட்சி பாண்டியம்மாளின் நாக்கு. அன்று அவள் வாயைத் திறந்தபோது நாக்கு ஊதா நிறத்தில் இருந்தது. பேருந்தில் வரும்போது நாவல்பழம் தின்றிருந்தாள். எங்கள் பக்கம் காற்று வலுத்துவிட்டால் நாவல் மரத்தில் பழம் தங்காது.

தகரத்துக்கும் நாக்குக்கும் நடுவில் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்கிறேன். பழத்தின் பக்கம் சற்றுச் சாய்வாக.

பன்னுக்குள் பச்சைமிளகாய்

அந்தக் கண்ணாடி அறை புதிது. கோயம்புத்தூரில் மேற்பார்வையாளர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. போய் வந்ததும் கட்டினார்கள். ஊழியர்களிடம் குறை சொல்வது எப்படி என்பது வகுப்பின் விஷயம். நானும் முத்துக்காளையும் போயிருந்தோம்.

இந்த விஷயத்தில் நான் ஏற்கெனவே ஓர் அலமாரி அளவுக்குப் படித்தவள். எல்லாப் புத்தகங்களும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லும். ஆளைச் சொல்லாதே, செயலைச் சொல். பொதுவாகச் சொல்லாதே, குறிப்பாகச் சொல். பலர் முன்னால் சொல்லாதே, தனியாகச் சொல். இவற்றில் எதுவும் தவறு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

வகுப்பு நடத்திய இளைஞர் நல்லவர். ஒரு ரொட்டித் துண்டு, நடுவில் ஜாம், மேலே இன்னொரு ரொட்டித் துண்டு என்று பலகையில் படம் வரைந்தார். முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு. அப்படிச் சொன்னால் கேட்பவருக்கு வலிக்காது என்றார்.

முத்துக்காளை கையைத் தூக்கினார். "சார், அப்ப நடுவுல வைக்கிறது ஜாம் இல்லையே. பன்னுக்குள்ள பச்சமொளகாய வச்சுக் குடுக்குறதுதேன இது?"

வகுப்பே சிரித்தது. அந்த இளைஞரும் சிரித்தார். ஆனால் முத்துக்காளை நிஜமாகவே கேட்டார். திரும்பி வரும்போது பேருந்து பழனியைத் தாண்டும் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். பிறகு, பக்கத்து இருக்கையில் இருந்த என்னிடம் சொன்னார். நான்கு இருக்கை தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார்.

"மொளகா தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் பன்னயே தொடமாட்டாகளே மேடம்!"

அந்தக் குரலை நான் அன்றே கவனித்திருக்கலாம்.

அப்பாவின் மலையாளம்

தனியாகச் சொல் என்பதை எனக்குப் புத்தகங்களுக்கு முன்னால் சொன்னது அப்பா. தேனிக் கடைவீதியில் எங்களுக்குப் பாத்திரக் கடை. கடையில் வியாபாரம் பார்த்த சவரிமுத்து அப்பாவைவிட வயதில் மூத்தவர். அவருடைய தவறை வாடிக்கையாளர்கள் முன்னால் அப்பா எப்படிச் சொல்வார்? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மலையாளத்தில் சொல்வார். அப்பாவுக்கு அது குமுளி வியாபாரத்தில் வந்தது. சவரிமுத்துவுக்கு எஸ்டேட் வேலையில் வந்தது. மழை வருமா என்று கேட்பதுபோன்ற முகத்தோடு அப்பா ஏதாவது சொல்வார். சவரிமுத்து அதே முகத்தோடு தலையாட்டித் திருத்திக்கொள்வார்.

ஒருநாள் தேவாரத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப்பாத்திரம் வாங்க வந்தார். சவரிமுத்து எடுத்ததுமே மலிவான அண்டாவைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார்.

அப்பா புன்னகை மாறாமல் சொன்னார்: "வில குறஞ்ஞது இப்போள் காணிக்கண்டா." விலை குறைந்ததை இப்போது காட்ட வேண்டாம் என்று.

வந்தவர் அண்டாவின் அடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "காணிக்கட்டே சேட்டா. வில குறஞ்ஞதும் ஞான் ஒந்நு காணட்டே." காட்டட்டும் அண்ணா, மலிவானதையும் நான் ஒருமுறை பார்க்கிறேன் என்று.

கேரளத்து ஏலத் தோட்டத்தில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர். தேவாரத்துக்காரருக்கு மலையாளம் தெரியாது என்று நினைக்க அப்பாவால்தான் முடியும். சவரிமுத்து சிரித்த சிரிப்பில் கவிழ்த்துவைத்திருந்த கொப்பரைமேல் உட்கார்ந்துவிட்டார். அப்பா அந்த அண்டாவை லாபமில்லாமல் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அப்பா வழியை மாற்றினார். கடை அடைக்கும் நேரத்தில் சொல்வார். அதுவும் ஷட்டர் இறங்கும்போது. அந்தக் கடகடப்பில் அப்பாவின் வாய் அசைவது தெரியும். சவரிமுத்துவின் தலை அசைவது தெரியும். ஒரு சொல் கேட்காது. ஷட்டர் தரையைத் தொடும்போது பேச்சு முடிந்திருக்கும். இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

கடை வாசலில் வைத்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அதை எத்தனையோ மாலைகளில் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஷட்டருக்கு எண்ணெய் போடவேண்டும் என்றுதான் தோன்றியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

இனி முத்துக்காளை பேசட்டும்.

"ஆத்தா!" என்றார்.

மணிபிளான்ட் இருந்த பாட்டில் தண்ணீர் அசைந்தது.

"என்னண்ணே!" என்றாள் பாண்டியம்மாள். அவளும் அதே சுருதி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மில் சத்தத்துக்குள்ளேயே வயதான தொண்டை அது. அதற்கு மெதுவாகப் பேசவே தெரியாது என்றுதான் நினைத்தேன். காதும் பாதி போயிருந்தது. தன் குரல் எவ்வளவு பெரியது என்று முத்துக்காளைக்குத் தெரிய வழியில்லை.

உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினேன், மெதுவாகப் பேசுங்கள் என்று.

"எந்த மிஷின மேடம் நிப்பாட்டணும்?" என்று கேட்டார். மில்லில் அந்தச் சைகைக்கு அதுதான் அர்த்தம்.

"ஒண்ணுமில்ல, நீங்க பேசுங்க."

அவர் பயிற்சியை மறக்கவில்லை. முதலில் பாராட்டு. ஆனால் பாராட்டு வந்ததும் மனிதர் குனிந்துகொண்டார். கால் விரலைப் பார்த்தபடி, முகக்கவசத்துக்குள் முணுமுணுத்தார். "வேலயெல்லாம் நல்லாத்தேன் பாக்குற. ஒன்னைய மாதிரி கை இந்த மில்லுல இல்ல." பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

பிறகு நிமிர்ந்தார். முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

"ஆனா ஒங்கிட்ட ஒரு கொறை இருக்கு ஆத்தா! அடுத்தவுக மிஷின்ல ஒனக்கு என்ன சோலி? அந்தப் புள்ளைகள வேல பழக விடவே மாட்டேங்குற! இப்படியே இருந்தா நீ எப்படி மேஸ்திரி ஆவ?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மிஷின் சத்தம் எட்டாத வராந்தாவில், தண்ணீர்க் குழாயடியில் வரிசை நின்றது. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. ஒரு பெண் டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றாள். தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஒழுகியது.

முத்துக்காளை முகக்கவசத்தை மறுபடி ஏற்றினார். குனிந்தார். மேல் ரொட்டியையும் வைத்தார். "மத்தபடி ஒண்ணும் கொறையில்ல." அதுவும் முணுமுணுப்பு.

"சரிண்ணே" என்றாள் பாண்டியம்மாள். இந்த ஒரு வார்த்தையை மட்டும் மெதுவாகச் சொன்னாள். ஊதா நாக்கு ஒருமுறை உதட்டை நனைத்துவிட்டு உள்ளே போயிற்று. எழுந்து வெளியே போனாள். சத்தம் ஒருகணம் உள்ளே வந்து, கதவு சாத்தியதும் மறுபடி நின்றது.

டீக் கொட்டகையில் அவள் தலை தெரிந்ததும் யாரோ ஒருத்தி சொன்னாளாம்: "ஏய், மேஸ்திரியம்மா வாராக, எந்திரிங்கடி."

இன்னொருத்தி: "பாண்டியக்கா, இனிமே எங்க நூல நாங்களே ஒட்டிக்கிறோம். நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

அவள் டீ வாங்காமல் திரும்பிவிட்டாள்.

ஹாரன்

மறுநாள் மயிலாடும்பாறை நிறுத்தத்தில் அவள் ஏறவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"ஹாரன் அடிச்சுப் பாத்தேன் மேடம்" என்றார் பேருந்து ஓட்டுநர். "வாசல் கூட்டுற சத்தம் நல்லா ரோட்டுக்குக் கேக்குது. ஆளுதேன் வரல. கூட்டுறதப் பாத்தா கோவமாத்தேன் இருக்காக போல."

அந்த வாரம் முழுதும் நூற்பு வரிசையில் நூல் அறுந்து அறுந்து தொங்கியது. புதுப் பெண்கள் திணறினார்கள். முத்துக்காளை ஒவ்வொரு மிஷினாக நின்று நின்று போனார். என் அறைக்கு வந்து எதிரில் உட்காராமல் நின்றார்.

"நான் என்ன மேடம் கெட்ட வார்த்தையா சொல்லிப்புட்டேன்? அவுக சொல்லிக்குடுத்தபடி நல்லதத்தேன மொதல்ல சொன்னேன்!"

"நல்லது வெளிய கேக்கலையே மேஸ்திரி. குறை மட்டும்தான் கேட்டுச்சு."

"நல்லதப் போயி எப்படிக் கத்திச் சொல்றது? கூச்சமா இருக்காது?"

என் அலமாரிப் புத்தகங்களில் கூச்சத்துக்கு அத்தியாயமே கிடையாது.

பொது மேலாளர் ஒருமுறை எட்டிப் பார்த்து, "என்ன, கோயம்புத்தூருக்குச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார். சனிக்கிழமை வரை பொறுங்கள் என்றேன்.

சாவி

சனிக்கிழமை அவளே வந்தாள். மில் பேருந்தில் வரவில்லை. லைன் பேருந்தில் காசு கொடுத்து வந்தாள். வெளிர் மஞ்சள் சேலை. கையில் லாக்கர் சாவி. அதை என் மேசைமேல் வைத்துவிட்டு, விரலால் ஒருமுறை என் பக்கம் தள்ளினாள்.

"என் கணக்க முடிச்சிருங்க மேடம்!"

என் அறைக் கதவு திறந்திருந்தது. எழுந்து போய்ச் சாத்தினேன்.

"மேஸ்திரி சொன்னது தப்புன்னு நினைக்கிறீங்களா?"

"தப்பே இல்ல. நான் ஓடித்தேன் போறேன். கால் நிக்க மாட்டேங்குது. எனக்கே தெரியும்."

"அப்புறம்?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பஞ்சுக் கிடங்கின் முன்னால் காற்று ஒரு வெள்ளைச் சுருளைத் தரையோடு உருட்டிக்கொண்டு போனது.

"அண்ணே என்னைய வய்யாத வசவா மேடம்? சேந்த நாள்ல இருந்து வஞ்சுக்கிட்டுத்தேன் இருக்காக. கூறுகெட்டவளேன்னுருக்காக. கழுதைன்னுருக்காக. ஒருநாளு இந்தக் கைய வெட்டி அடுப்புல போடுன்னு சொன்னாக." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா அதெல்லாம் உள்ளுக்குள்ள. மிஷினுக்கு நடுவுல. பக்கத்து மிஷின்ல நிக்கிறவளுக்குக்கூடத் தெரியாது. நானும் அண்ணனும் மட்டுந்தேன் அங்கன. நீங்க எங்களக் கூட்டிட்டுப்போயி ஊரு பாக்க ஒக்கார வச்சுட்டீகளே!"

 என் நினைவில் எங்கேயோ ஒரு ஷட்டர் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் வாய் அசைந்தது. சவரிமுத்து தலையாட்டினார்.

சாவியை எடுத்து அவள் கையிலேயே திரும்ப வைத்தேன். "என்கூட ஒருநிமிஷம் உள்ள வாங்க" என்றேன்.

"இந்தச் சேலையிலயா?"

"தலைத்துணி நான் தாரேன்."

கைகள்

மில்லுக்குள் ஒரு பாஷை இருக்கிறது. யார் தொடங்கியது என்று தெரியாது. விசாரித்துப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொருவரும் தனக்கு முந்தியவரைக் கைகாட்டுகிறார்கள். வாய் அசைவு பாதி, கை பாதி. முகக்கவசம் வந்து வாயை மறைத்த காலத்தில் கை முழுப் பாஷையாகவே வளர்ந்துவிட்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் பிறந்த சைகைகள்தான் அதிகம். கதவு திறந்த இடைவெளியில் நின்று நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். இரண்டு விரலைப் பிரித்தால் நூல் அறுந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசித் திருகினால் ஒட்டு.

பாராட்டுக்கும் ஒன்று உண்டு. தன்மேல் ஒட்டியிருக்கும் பஞ்சில் ஒரு துணுக்கை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, எதிராளியைப் பார்த்து ஊதிவிடுவது. முகக்கவசம் போட்டால் ஊத முடியாது. அதனால் கையை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கப் பழகினார்கள். மிஷின்களுக்கு மேலே தண்டவாளத்தில் ஒரு காற்றுக் குழாய் தூசியை ஊதிக்கொண்டே போய்வந்துகொண்டிருக்கும். அது தலைக்குமேல் வரும்போது பஞ்சு தானாக எழும்பிப் போகும். அந்தக் காத்திருப்பில்தான் பாராட்டே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

கதவைத் தள்ளினோம். சத்தம் எங்களை வாங்கிக்கொண்டது.

உள்ளே எப்போதும்போல ஈரமும் குளிர்ச்சியும். நூல் அறாமல் இருக்கத் தண்ணீரைப் பொடியாக்கித் தூவும் காற்று. வெளியே ஆண்டிபட்டி வெயில் தகித்தாலும் இங்கே ஒரு பனிக்காலை நின்றுகொண்டே இருக்கும். விளக்கைச் சுற்றிப் பஞ்சு மிதந்தது. தூரத்து ஆட்கள் பாதி உருவமாகத் தெரிந்தார்கள். வரிசையின் கடைசியில் முத்துக்காளை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பாண்டியம்மாள் போய் அவர் பின்னால் நின்றாள். அவர் திரும்பவில்லை. அவர் தலைமுடியில் எப்போதும்போல ஒரு துணுக்கு. அவள் அதை எடுத்தாள்.

அவர் திரும்பினார். 

பிறகு முத்துக்காளை அவள் விரலிலிருந்து அந்தத் துணுக்கை வாங்கினார். உள்ளங்கையில் வைத்தார். கையை நீட்டினார். கண்ணாடி அறையில் குனிந்து முணுமுணுத்த மனிதர், இங்கே நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தபடி காத்திருந்தார். காற்றுக் குழாய் தூரத்து மூலையில் திரும்பிக்கொண்டிருந்தது. அது வரிசை முழுதும் ஊர்ந்து வந்து சேரும்வரை கையை மடக்கவில்லை. வந்தது. பஞ்சு எழுந்து போனது.

அடுத்து இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினார். அந்த இரண்டு விரலையும் உள்ளங்கையில் குடுகுடுவென்று ஓடவிட்டார். அவளைக் காட்டினார். புதுப் பெண்கள் இருந்த பக்கத்தைக் காட்டினார். தலையை ஆட்டினார், கூடாது என்று.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எதிரே அறுந்த நூல் தொங்குவதாகப் பாவனை. முகம் கோணியது. தோள் துடித்தது. கால் ஓடப் பார்த்தது; அதைத் தானே இழுத்து நிறுத்தினார். கண்களை இறுக்கிக்கொண்டார். கட்டிய கையை அவிழ்க்கவில்லை. ஒரு மிட்டாய்க்கடை முன்னால் கைகட்டி நிற்கச் சொன்ன ஆள்போல அவஸ்தைப்பட்டார்.

பாண்டியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கைகளால் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்த பாஷை அதற்குப் போதவில்லை. பாதியில் என் பக்கம் ஒருதடவை கை நீண்டது. முத்துக்காளை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுற்றிலும் இருபது பேராவது இருந்திருப்பார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பிற்பாடு டீக் கொட்டகையில் கேட்டேன். "அன்னைக்கு என்னைக் காமிச்சு என்ன சொன்னாங்க?"

"அது எங்களுக்குள்ள மேடம்!" என்றார் முத்துக்காளை, கொட்டகை முழுதும் கேட்கும்படி.

தேவாரத்துப் பெண்

மாதக் கடைசியில் பொது மேலாளர் வந்து அரைமணி நேரம் நின்று பார்த்தார். கோயம்புத்தூருக்குச் சொல்லி அனுப்பவில்லை. இரண்டாம் ஷிப்டில் "மேஸ்திரியம்மா" என்ற அதே வார்த்தையைக் கேலியில்லாமல் சொல்லிப் பழக அந்தப் பெண்களுக்குக் கொஞ்சகாலம் பிடித்தது. கண்ணாடி அறை இன்னும் இருக்கிறது. மணிபிளான்ட் கூரைவரை ஏறிவிட்டது. குறை சொல்ல வேண்டியவர்கள் அதைக் கடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, மிஷின்களுக்கு நடுவே போய்விடுகிறார்கள்.

கடைசியாக ஒரு பிற்பகல். மார்கழி, இதில் தகராறில்லை, பேருந்தில் வந்தவர்கள் காதுக்கு மப்ளர் கட்டியிருந்தார்கள். நான் ஏதோ வேலையாக உள்ளே போனேன். தேவாரத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் மிஷினில் நூல் அறுந்தது. அந்தப் பெண் பதறினாள். ஒட்டப் பார்த்தாள், வழுக்கியது. மறுபடி பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால் பாண்டியம்மாள் நின்றிருந்தாள். கைகள் முதுகில் கட்டியிருந்தன. தோளில் ஓர் அசைவில்லை. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தால் சாந்தமாக நிற்கும் ஒரு மேஸ்திரியைத்தான் பார்த்திருப்பாள்.

நான் பாண்டியம்மாளுக்குப் பின்னால் நின்றேன். அதனால் எனக்கு அவள் விரல்கள் தெரிந்தன.

முதுகுக்குப் பின்னால் அவை ஒட்டிக்கொண்டிருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத நூலைப் பிடித்து, திருகி, விட்டு, மறுபடி பிடித்தன. அந்தப் பெண் தவறவிட்ட ஒவ்வொரு தடவையும் இங்கே காற்றில் நூல் ஒட்டியது. பிறகு அவளுக்கும் பிடிபட்டது. நூல் விறைத்து ஓடத் தொடங்கியது. பாண்டியம்மாளின் விரல்கள் நின்றன.

யாரோ பார்ப்பதை உணர்ந்து திரும்பினாள். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் சட்டென்று ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் இருந்தது. அந்தச் சத்தத்தில் அது எடுபடாது. குனிந்து என் சேலைக் கரையில் ஒட்டியிருந்த பஞ்சில் ஒரு துணுக்கைப் பிய்த்தேன். உள்ளங்கையில் வைத்து, அவள் பக்கம் நீட்டினேன்.

காற்றுக் குழாய் அடுத்த வரிசையில் இருந்தது. காத்திருந்தேன்.